அந்த ஒரு பாடவேளையைக் கொடுங்கள்

பள்ளிகளில் இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

சிவகங்கைப் பக்கம் ஒரு பள்ளியின் அறிவியல் மன்றக் கூட்டத்தில் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கும் நேரம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். "சார், வெளிச்சத்தோட வேகத்துல ராக்கெட்ல போனா வயசே ஆகாதாமே? எங்க அப்பத்தாவ அதுல ஏத்தி அனுப்பிட்டா சாகாம இருப்பாங்களா?" கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பத்தா மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார் என்று அவளுடைய டீச்சர் பிறகு சொன்னார்.

"நல்ல கேள்விம்மா. அவங்களுக்கு மெதுவாத்தான் வயசாகும்" என்று சொல்லிவிட்டேன். அதற்குள் நாட்டுப்பண்ணுக்கு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். திரும்பி வரும் பேருந்தில் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே வந்தது. சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையால் ஒரு குழந்தையின் மனத்தில் இல்லாத நம்பிக்கையை ஊன்றிவிட்டு வந்திருக்கிறேன். அவளுக்கு உரிய முழுப் பதிலைச் சொல்ல இரண்டு நிமிடம் போதாது, ஒரு பாடவேளை வேண்டும். பாடவேளை என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது இதே போன்ற ஒரு கேள்வியைக் கேட்டேன். ஓடுகிற கடிகாரம் ஏன் மெதுவாகிறது என்று. "அது பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றார் ஆசிரியர். அவரை நான் இன்று குறை சொல்ல மாட்டேன். அறுபது பிள்ளைகள், முடிக்க வேண்டிய போர்ஷன், திருத்த வேண்டிய தாள்கள். உங்களுக்கு அதற்கு மேலும் இணையப் பதிவேற்றங்கள், பயிற்சி வகுப்புகள், தேர்ச்சி விழுக்காடு என்று கழுத்து வரை வேலை இருக்கிறது. அது தெரிந்தும்தான் கேட்கிறேன். ஏனென்றால் அன்று உட்கார்ந்த நான் அந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த விடையோ கரும்பலகையில் பத்து நிமிடத்தில் போட்டுக் காட்டக்கூடிய ஒரு செங்கோண முக்கோணம். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். அது தெரிந்த அன்று எனக்கு மகிழ்ச்சி வந்தது, கூடவே ஆற்றாமையும் வந்தது. இவ்வளவுதானா, இதையா எனக்குச் சொல்லாமல் விட்டார்கள் என்று.

நீங்கள் சொல்லாவிட்டால் பிள்ளைகள் கேள்விப்படாமல் இருந்துவிடுவார்கள் என்றால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். அவர்கள் கேள்விப்படுகிறார்கள். கைபேசியில், சினிமாவில், மேடைப் பேச்சில். ஒளி வேகத்தில் போனால் இளமை நிலைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். வேகத்தால் வருவதையும் ஈர்ப்பு விசையால் வருவதையும் ஒன்றாகக் குழப்பி இன்னொருவர் கருந்துளைப் படம் காட்டுகிறார். இதெல்லாம் நம் புராணத்தில் அப்போதே இருக்கிறது என்று மற்றொருவர் முடித்துவைக்கிறார். "கால நீட்டிப்பு" என்ற சொல் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஏன், எவ்வளவு, எப்படித் தெரியும் என்ற மூன்றும் தெரிவதில்லை. அந்த மூன்றும் இல்லாத அறிவியலுக்கும் மாயாஜாலக் கதைக்கும் ஒரு குழந்தை எப்படி வேறுபாடு காணும்?

ஆகவே அந்த முக்கோணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள். உங்களில் பலருக்கு இது தெரிந்ததே. ஆனால் இதை எந்த உருவத்தில் பிள்ளைகளிடம் கொண்டுபோவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

வீடு கட்ட வாணம் தோண்டும் இடத்தில் கொத்தனார் மூலை சரிபார்ப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து குறி வைப்பார். குறுக்கே கயிறு பிடித்தால் 5 அடி இருக்க வேண்டும். இருந்தால் மூலை நேர்மூலை. பிதாகரஸ் பெயரைக் கேள்விப்படாதவரும் நாள்தோறும் பயன்படுத்துகிற முக்கோணம் இது. இதையே கரும்பலகையில் போடுங்கள்.

இப்போது ஒரு ரயில். பெட்டியின் தரையில் ஒரு விளக்கு, நேர் மேலே கூரை. பெட்டி மிக மிக உயரமானது என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பவருக்கு ஒளி தரையிலிருந்து நேராக மேலே போகிறது. அது கூரையைத் தொட 4 விநாடி ஆகிறது. நடைமேடையில் நிற்பவர் பார்த்தால், ஒளி கூரைக்குப் போவதற்குள் ரயில் நகர்ந்துவிடுகிறது. அவருக்கு ஒளி போன பாதை சாய்கோடு, அதாவது முக்கோணத்தின் கர்ணம். ரயில் ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில் ஓடினால், உயரம் 4, ரயில் நகர்ந்தது 3, ஒளி போன பாதை 5.

இங்கேதான் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஓடும் பேருந்திலிருந்து முன்னால் எறிந்த பந்துக்குப் பேருந்தின் வேகமும் சேர்ந்துகொள்ளும். ஒளிக்கு அப்படிச் சேராது. யார் அளந்தாலும், விளக்கு ஓடினாலும் நின்றாலும், ஒளியின் வேகம் விநாடிக்கு 2,99,792 கிலோமீட்டர்தான். இதை நம்பச் சொல்லாதீர்கள், சோதித்ததைச் சொல்லுங்கள். 1964-இல் செர்ன் ஆய்வகத்தில், ஒளியின் வேகத்தில் 99.9 விழுக்காட்டுக்கும் மேலான வேகத்தில் ஓடும் பையான் துகள்கள் சிதையும்போது முன்னோக்கி வெளிவிட்ட ஒளியை அளந்து பார்த்தார்கள். இரண்டு வேகமும் கூடியிருந்தால் ஏறத்தாழ இருமடங்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதே வேகம்தான்.

அப்படியானால் நடைமேடைக்காரருக்கு ஒளி 5 பங்கு தொலைவு போக 5 விநாடி ஆகியே தீர வேண்டும். பெட்டிக்குள் 4 விநாடி, நடைமேடையில் 5 விநாடி, நடந்தது ஒரே நிகழ்ச்சி. பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த 26 வயது ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கிறது. வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை, "உயரம் மட்டும் ஏன் சார் ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கு?" என்று கேட்டால் அந்தப் பிள்ளையை முதுகில் தட்டிக் கொடுங்கள். சம உயரமுள்ள இரண்டு கம்புகளின் உச்சியில் சாயத் தூரிகை கட்டி, நிமிர்த்தியபடி எதிரெதிரே ஓடவிட்டதாக நினைக்கச் சொல்லுங்கள். ஓடுவது குட்டையாகும் என்றால், ஒவ்வொன்றும் மற்றதன் உச்சிக்குக் கீழே கோடு போட வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்க முடியாது. ஆகவே உயரம் மாறாது.

இதற்கு அடுத்த படியைத்தான் பெரும்பாலான புத்தகங்கள் தாவிப் போய்விடுகின்றன. இந்த விளக்கையும் கூரையையும் ஒரு கடிகாரமாகவே கொண்டால், ஒளியால் செய்த அந்தக் கடிகாரம் மெதுவானது சரி. கைக்கடிகாரமும் இதயத் துடிப்பும் நரைக்கும் மயிரும் ஏன் மெதுவாக வேண்டும்? எனக்குப் பல ஆண்டுகள் பிடிபடாமல் இருந்தது இதுதான். விடை ஐன்ஸ்டைனுக்கு முன்பே கலிலியோ 1632-இல் எழுதியதில் இருக்கிறது. சீராகப் போகும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவர் எந்தச் சோதனை செய்தும் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. பெட்டிக்குள் ஒளிக்கடிகாரம் மட்டும் மெதுவாகி, கைக்கடிகாரம் பழையபடி ஓடினால் இரண்டையும் ஒப்பிட்டு, "நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று பயணி கண்டுபிடித்துவிடுவார். அது முடியாது. எனவே எல்லாம் சேர்ந்தேதான் மாற வேண்டும். நாடி, மூச்சு, நினைப்பு, பசி எல்லாமே. அதனால்தான் பயணிக்கு எதுவும் மெதுவாகத் தெரிவதில்லை. அவருடைய ஒரு விநாடி அவருக்கு ஒரு விநாடியேதான்.

"கடிகாரம் மெதுவாக ஓடும்" என்று நாம் தமிழில் சொல்லும்போது பேட்டரி தீர்ந்த கடிகாரம்தான் பிள்ளையின் மனக்கண்ணில் வருகிறது. சொல்லைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டியில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை நினைவூட்டுங்கள். மதுரையிலிருந்து திருச்சிக்கு விராலிமலை வழியாக நேரே வந்த வண்டியும், காரைக்குடி, புதுக்கோட்டை சுற்றி வந்த வண்டியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இரண்டு மீட்டரும் வேறு வேறு எண் காட்டும். எந்த மீட்டரும் பழுதில்லை. பாதை வேறு, ஆகவே எண் வேறு. கடிகாரமும் அப்படி ஒரு மீட்டர்தான், தான் வந்த பாதையில் கழிந்த காலத்தை அது காட்டுகிறது. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. சாலையில் சுற்றிவந்தவருக்கு மீட்டர் கூடும், காலத்தில் சுற்றிவந்தவருக்குக் குறையும்.

இரட்டையர் புதிர் என்று சொல்லப்படுவதும் இந்த உவமையோடு தெளிந்துவிடும். ஒருவர் விண்ணில் போய்த் திரும்புகிறார், மற்றவர் ஊரில் இருக்கிறார். ஒருவர் பார்வையில் மற்றவர்தானே ஓடுகிறார், பிறகு யார் இளையவர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சீராக விலகிப் போகும் வரை இருவருக்கும் மற்றவர் கடிகாரமே மெதுவு, அதில் முரண் இல்லை. ஆனால் ஊரில் இருந்தவர் திசை மாறவில்லை. போனவர் நின்று, திரும்பி, மறுபடி வேகம் எடுத்தார். அவருடைய பாதைதான் வளைந்தது. சுற்றிவந்தவர் அவர்தான். அவருக்குத்தான் காலம் குறைவு.

கணக்கு இத்தோடு போதும். "இது உண்மையிலேயே நடக்குதா?" என்று ஒரு பிள்ளை கேட்க வேண்டும். அந்த நிமிடத்துக்காகத்தான் பாடவேளையைக் கேட்கிறேன். ஏனென்றால் சான்று உங்கள் வகுப்பறைக் கூரை வழியாகவே வந்துகொண்டிருக்கிறது.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றின் மேலடுக்கில் மோதும்போது, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி, அதாவது ஒரு விநாடியை 10 லட்சமாகக் கூறுபோட்டால் அதில் இரண்டு கூறும் கொசுறும். அந்த நேரத்தில் ஒளியே சுமார் 660 மீட்டர்தான் போகும். ஒவ்வொரு 660 மீட்டருக்கும் நூற்றில் 37 மட்டுமே மிஞ்சும். 15 கிலோமீட்டர் இறங்குவதற்குள் இப்படி ஏறக்குறைய 23 முறை சலிக்கப்பட வேண்டும். பிள்ளைகளையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பல நூறு கோடியில் ஒன்று தப்பித் தரைக்கு வந்தால் பெரிது. ஆனால் விரித்த உள்ளங்கையின் வழியே விநாடிக்கு ஒன்று என்ற அளவில் அவை போய்க்கொண்டே இருக்கின்றன. இந்த வரியைப் படிக்கும் நேரத்திலும் உங்கள் உடலை ஊடுருவிப் போகின்றன.

ஒளியின் வேகத்தில் 99.5 விழுக்காடு வேகத்தில் வரும் மியூவானுக்கு ஆயுள் நம் கணக்கில் பத்து மடங்கு நீள்கிறது. 23 முறை சலிக்க வேண்டியது இரண்டே கால் முறையாகச் சுருங்குகிறது. பத்தில் ஒன்று தரைக்கு வந்துவிடும். அந்த மியூவானைக் கேட்டால், "எனக்கு ஆயுள் நீளவில்லையே, உங்கள் 15 கிலோமீட்டர் எனக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்தான்" என்று சொல்லும். இரண்டு விவரிப்பும் சரி. தரையில் எண்ணிப் பார்க்கும் எண்ணிக்கை ஒன்றே.

எண்ணியும் பார்த்தார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் சுமார் 1,900 மீட்டர் உயரமுள்ள வாஷிங்டன் மலை உச்சியில் ஒரு கருவியை வைத்தார்கள் டேவிட் ஃபிரிஷும் ஜேம்ஸ் ஸ்மித்தும். 1963-இல் அவர்களுடைய கட்டுரை வந்தது. உச்சியில் மணிக்கு ஏறக்குறைய 560 மியூவான்கள். கால நீட்டிப்பு இல்லாவிட்டால் கடல் மட்டத்தில் 30 அளவில்தான் மிஞ்சியிருக்க வேண்டும். கீழே இறக்கி வைத்து எண்ணியபோது 400-க்கு மேல் வந்தன. வகுப்பில் இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். பின்னர் செர்ன் ஆய்வகத்தில் மியூவான்களை வளையத்துக்குள் சுழலவிட்டு அளந்தபோது ஆயுள் 64 மைக்ரோ விநாடியாக, 29 மடங்காக நீண்டிருந்தது. அதைக் கடைசியில் சொல்லலாம்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அதைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது. தானே சிதையும் இந்தத் துகளை ஒரு கடிகாரமாகவே கொள்ளலாம், அது வேகமாக ஓடும்போது ஆயுள் நீண்டு தெரிய வேண்டும் என்று 1938-இல் எழுதியவர் ஹோமி பாபா. அப்போது அவருக்கு வயது 28. பின்னாளில் அவர் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் ஊட்டியில் இருக்கிறது. 2,200 மீட்டர் உயரத்தில், 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி அங்கே இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்கள். அந்த எண்ணிக்கையில் ஏற்பட்ட சிறு சரிவைக் கொண்டு, 2014 டிசம்பரில் வந்த ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததென்று கண்டார்கள். கால நீட்டிப்பு இல்லாவிட்டால் இந்த மியூவான்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கூரையை எட்டியே இருக்காது. ஊட்டிக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் பள்ளிகள் படகு இல்லத்தோடு திரும்பிவிடுகின்றன. அதே மலையில் என்ன நடக்கிறது என்பதைப் பேருந்தில் போகும்போதாவது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி. 4.24 ஒளியாண்டு தொலைவு. அப்பத்தாவை ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் அங்கே அனுப்பி உடனே திரும்ப அழைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதே 3, 4, 5 முக்கோணம்தான், இப்போது பக்கத்தை மாற்றிப் பிடிக்கிறோம். இங்கே 5 ஆண்டு போனால் அங்கே 3 ஆண்டு. ஊரில் பத்தரை ஆண்டு கழிந்திருக்கும், அப்பத்தாவுக்கு ஆறரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கழிந்திருக்கும். எட்டாம் வகுப்புப் பெண் வளர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள். ஆனால் கண்ணே, அப்பத்தாவுக்கு ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைத்திருக்காது. ஆறு ஆண்டு வாழ முடிகிற உடம்புக்கு ராக்கெட்டிலும் ஆறு ஆண்டுதான். அவர் உண்ணும் வேளைகளும் தூங்கும் இரவுகளும் அந்த ஆறு ஆண்டுக்கு உரியவை மட்டுமே. நமக்குத்தான் அவர் வெகுகாலம் இருப்பதுபோல் தோன்றும், அதுவும் அவர் நம்மோடு இல்லாமல். பயணம் யாருடைய ஆயுளையும் கூட்டுவதில்லை. நம் நாட்களுக்கும் அவர் நாட்களுக்கும் இருந்த பொருத்தத்தைத்தான் அது குலைக்கிறது.

இதைக் கேட்டால் அவள் அழக்கூடும். ஆனாலும் இதுதான் அவளுக்குச் சேர வேண்டிய உண்மை. "வயசே ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஒரு குழந்தையின் ஆசையை வைத்து விளையாடுகிறார்கள்.

அந்த வேகத்துக்கு நாம் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மனிதர் செய்ததிலேயே அதிக வேகம் எடுத்தது பார்க்கர் சூரிய ஆய்வுக்கலம். 2024 டிசம்பர் 24 அன்று சூரியனை நெருங்கியபோது மணிக்கு சுமார் 6,92,000 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தாலும், வேகத்தின் காரணமாக மட்டும் அதன் கடிகாரம் ஒரே ஒரு விநாடி பின்தங்க ஏறக்குறைய 8 வாரம் வேண்டும். ஆறு பயணங்களில் 803 நாள் விண்ணில் இருந்தவர் ரஷ்ய விண்வெளி வீரர் செர்கேய் கிரிகலேவ். அவர் நம்மைவிட இளையவரானது ஒரு விநாடியில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஓர் ஆளை மட்டும், கலமும் எரிபொருளும் இல்லாமல், ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குத் தள்ளிவிட ஏறக்குறைய 1 லட்சம் கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் தேவை. இந்தியா முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் அது பாதிக்கும் மேல். அங்கே நிறுத்த ஒருமுறை, திரும்பக் கிளப்ப ஒருமுறை, ஊரில் வந்து நிறுத்த ஒருமுறை என்று அதே அளவு மறுபடியும் மறுபடியும் வேண்டும். அந்த வேகத்தில் எதிரே வரும் விண்வெளி வாயுவின் ஒவ்வோர் அணுவும் கதிர்வீச்சாகத் தாக்கும். கனவைக் கலைப்பதற்காக இதைச் சொல்லச் சொல்லவில்லை. பூமியில் நாம் உணரும் எடை போலவே உணரும்படி ஒரு கலத்தை இடைவிடாமல் உந்தி, பாதி வழியில் திருப்பி நிறுத்த முடிந்தால், 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் நம் பால்வெளியின் மையத்தைப் பயணி தன் கணக்கில் 20 ஆண்டில் அடைந்துவிடலாம் என்பதும் அதே முக்கோணத்தின் விளைவுதான். இயற்கை அந்தக் கதவை மூடவில்லை, விலையைத்தான் மிக உயரத்தில் வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகள் கேட்கட்டும்.

நம் கைக்கெட்டிய இடத்திலும் இந்த விளைவு இருக்கிறது என்பதற்குக் கைபேசியே சாட்சி. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரம் தன் வேகத்தால் நாளொன்றுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்குகிறது. உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் 45 மைக்ரோ விநாடி முந்துகிறது. நிகரமாக 38 மைக்ரோ விநாடி. அந்த இடைவெளியில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். ஆகவே தரையிலேயே கடிகாரத்தின் துடிப்பைச் சற்றுக் குறைத்து வைத்து அனுப்புகிறார்கள். 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நேவிக் வழிகாட்டுச் செயற்கைக்கோள் வரிசையின் என்விஎஸ்-01 நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. வேகம் ஒரு பக்கமும் ஈர்ப்பு மறுபக்கமும் இழுப்பதைப் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

புராணத்தைப் பற்றியும் ஒரு சொல். பாகவதத்தில் ககுத்மி என்ற அரசன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்டுப் பிரம்மலோகம் போகிறான். பாட்டு முடியட்டும் என்று சற்றுக் காத்திருந்த நேரத்தில் பூமியில் 27 சதுர்யுகம் கழிந்துவிடுகிறது. அருமையான கதை. காலம் எல்லோருக்கும் ஒன்றல்ல என்ற ஏக்கம் எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று அது. வகுப்பில் ஒரு பிள்ளை அதைச் சொன்னால் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். அதோடு நிறுத்தியும் விடாதீர்கள். "எவ்வளவு வேகத்தில் போனால் எவ்வளவு காலம் குறையும் என்று அந்தக் கதையை வைத்துச் சொல்ல முடியுமா? கடல் மட்டத்தில் எத்தனை மியூவான் வரும் என்று சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். கதைக்கு உரிய மதிப்பு கதைக்கு, கணக்குக்கு உரியது கணக்குக்கு. இரண்டையும் கலப்பவர்கள் இரண்டையுமே பிள்ளைகளிடமிருந்து பறிக்கிறார்கள்.

தமிழில் சொல்ல முடியுமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1920-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் வழியாக வெளியிட்டவர்கள் மேகநாத் சாஹாவும் சத்தியேந்திரநாத் போஸும். இருவருக்கும் அப்போது முப்பது வயது நிறையவில்லை. தாங்கள் கற்பதற்கும் தங்கள் மாணவர்கள் கற்பதற்கும் அவர்கள் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்கவில்லை. கொத்தனாரின் கயிறும் திருச்சி வண்டியும் கையில் இருக்கும்போது நாமும் காத்திருக்க வேண்டியதில்லை.

என் வேண்டுகோள் சிறியது. ஓர் ஆண்டில் ஒரே ஒரு பாடவேளை. தேர்வுக்கு வருமா என்று கேட்கும் பிள்ளையிடம், "வராது, ஆனாலும் இன்னைக்கு இதைத்தான் பார்க்கப் போறோம்" என்று சொல்லுங்கள். அரைப் பரீட்சை முடிந்த மறுநாள், மழை விடுமுறைக்கு முன்தினம், யாரோ வராததால் கிடைக்கும் மாற்றுப் பாடவேளை, எதுவானாலும் சரி. கருவி எதுவும் வேண்டாம். ஒரு சாக்பீஸ், ஒரு முக்கோணம், மூன்று எண்கள். பத்து நிமிடம் கேள்விக்கு ஒதுக்குங்கள். தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லை ஆசிரியர் வாயிலிருந்து கேட்ட பிள்ளை அதை மறக்காது. முடிந்த பள்ளிகள் உலர்பனியும் ஆல்கஹாலும் வைத்து முகிற்கலம் செய்து, மியூவான் கிழித்துப் போகும் மெல்லிய கோட்டைக் கண்ணாலேயே காட்டலாம். அது முடியாவிட்டாலும் குறையில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டச் சொல்லி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று விநாடிகளை எண்ணுங்கள்.

அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு. இன்னும் ஓரிரண்டு ஆண்டில் உங்களில் ஒருவரின் வகுப்பில், எனக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒரு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பாள். முக்கோணம் போடும் அன்று, 3-ஐயும் 4-ஐயும் நீங்கள் எழுதிவிட்டு, மூன்றாவது பக்கத்துக்கு உரிய எண்ணை எழுத அவளைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒருவரின் பழைய மாணவன்